கீசருக்கு ஸ்மார்ட் பேனல் மாட்டப்போறீங்களா... இதைக் கவனிச்சீங்களா?

படுக்கையில் இருந்தபடியே மொபைலில் தட்டினால், குளிக்க வெந்நீர் ரெடி. சுவரில் மாட்டும் ஸ்மார்ட் டச் பேனல் தரும் வசதி இது. ஆனால், லைட், ஃபேனுக்கான பாயின்ட்டில் கீசரை இணைச்சுடாதீங்க. 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியர் கரன்ட் இழுக்கும். 3,000 வாட்ஸ் என்றால் 13 ஆம்பியர். பாயின்ட் தாங்காமல் சூடாகி உருகலாம், தீயும் பிடிக்கலாம். எனவே, 16 ஆம்பியர் தாங்கும் பாயின்ட் இருக்கும் பேனலாகப் பார்த்து வாங்குங்க.

பல பேனல்களுக்கு நியூட்ரல் வயர் அவசியம். பழைய வீட்டு சுவிட்ச் பாக்ஸில் அது இல்லாமலும் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரல், எர்த் இரண்டையும் முதலிலேயே செக் பண்ணிடுங்க. மெயினை ஆஃப் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

கடைசியா, ஆப்பில் 20 நிமிட ஆட்டோ ஆஃப் டைமர் வெச்சிடுங்க. மறந்துட்டு ஆபீஸ் போனாலும் கரன்ட் பில் எகிறாது!