மார்க் துவைனும் ஷேக்ஸ்பியர் வழக்கும்

சிறுவர் உலகிற்கு டொம் சோயரையும் ஹக்கிள்பெரி பின்னையும் அளித்தவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன். அவர் தமது முதுமையில் வெளியிட்ட நூல்களுள் ஒன்று, ஒரு வழக்குரை போன்று அமைந்தது. ஷேக்ஸ்பியர் பெயரால் வழங்கும் நாடகங்களை இயற்றியவர் உண்மையில் யார் என்பதே வழக்கு. சிறுவர்க்குக் கதை சொன்னவர் இவ்வழக்கினுள் நுழைந்தது எவ்வாறு?

சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி மிசூரி மாநிலத்துச் சிற்றூரொன்றிலே பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் என்னும் ஊரிலே வளர்ந்தார். 1847இல் தந்தையார் காலமாயினார். பள்ளிப்படிப்பு அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. சிறுவன் அச்சுக்கூடத்திலே எழுத்துக்கோக்கும் தொழில் பயின்றான். 1857இல் ஆற்று நீராவிக் கப்பலின் சுக்கானித் தொழிலிற் சேர்ந்து, 1859இல் அதற்குரிய அனுமதிப்பத்திரமும் பெற்றார். 1863இல் அவர் சூடிக்கொண்ட புனைபெயரும் ஆற்றின் மொழியே. நீரின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி, என்று கப்பலோட்டிகள் கூவும் குரலே ‘மார்க் துவைன்’ என்பது.

அவ்வாற்றிலேதான் வழக்கும் தொடங்கியது. துவைன் தொழில் பயின்ற சுக்கானிகளுள் ஜோர்ஜ் ஈலர் என்பவர் ஷேக்ஸ்பியரிடம் பெரும் பக்தி பூண்டவர். துவைன் சுக்கானைப் பிடித்திருக்க, அவர் நாடகங்களை உரத்து வாசிப்பார். இடையிடையே கப்பலுக்கான கட்டளைகளையும் இடுவார். எது ஷேக்ஸ்பியர், எது ஈலர் எனப் பிரித்தறிவது அரிதாயிற்று என்று துவைன் பின்னர் நகைச்சுவையுடன் எழுதினார். 1857இல் டீலியா பேக்கன் என்னும் அம்மையார், அந்நாடகங்கள் பிரான்சிஸ் பேக்கன் முதலிய அறிஞர்களின் ஆக்கம் என வாதிடும் நூலை வெளியிட்டிருந்தார். முதலில் ஈலரின் பக்கமே நின்ற துவைன், வாதத்திற்கு ஓர் எதிராளி வேண்டுமென்பதற்காக மறுபக்கம் சேர்ந்தார். வாதத்திற்காக ஏற்ற கொள்கை நாளடைவில் நம்பிக்கையாக வேரூன்றியது.

1895இல் கடன் தீர்க்கும் பொருட்டு உலகப் பேச்சுப் பயணம் புறப்பட்ட துவைன், 1896 ஜனவரியிற் கொழும்பில் இறங்கினார். இங்குள்ள மக்களின் வண்ண ஆடைகள் அவரைப் பரவசப்படுத்தின. மிஷன் பாடசாலைச் சிறுமியர் சிலர் ஐரோப்பிய உடையணிந்து வரிசையாகச் சென்றதோ அவர் கண்ணை உறுத்தியது. இதனை 1897இல் வெளியான தமது பயண நூலிலே பதிந்துள்ளார்.

இரவல் ஆடையை வெறுத்த அவர் இரவற் சொல்லை வெறுத்தாரல்லர். கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெலர், 11 வயதில் எழுதிய கதையொன்று, மாகரெட் கான்பி என்னும் சிறுவர் எழுத்தாளரின் கதையை ஒத்திருந்தது. 1892இல் அச்சிறுமி விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டாள். எப்போதோ கையிலே விரல்மொழியால் வாசித்துக் காட்டப்பட்ட கதை, அவள் அறியாமலே நினைவில் தங்கியிருந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். 1903இல் ஹெலனின் தன்வரலாற்றை வாசித்த துவைன், அவ்விசாரணையைக் கண்டித்து அவருக்குக் கடிதம் எழுதினார். மனிதர் எண்ணமெல்லாம் பிறரிடமிருந்து பெற்றதே என்பது அதன் சாரம். ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் கவிஞரின் சமர்ப்பண வாசகத்தைத் தாமே அறியாது எடுத்தாண்டதையும் அதில் ஒப்புக்கொண்டார்.

1909 ஜனவரியில் ஹெலனும் அவருடைய ஆசிரியையும் துவைனின் இல்லத்திற்கு விருந்தினராயினர். நாடகங்களிலே பேக்கனின் பெயர் மறைந்திருப்பதாகக் கூறும் புதிய நூலொன்றைப் பற்றிய செய்தியும் அவர்களுடன் வந்தது. பழைய ஆர்வம் மீண்டும் கனன்றது. ‘ஷேக்ஸ்பியர் இறந்துவிட்டாரா?’ என்னும் நூல் அவ்வாண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகச் சில. எஞ்சியவை ஊகம் என்றார் துவைன். ஒரு தொழிலின் மொழியை அத்தொழில் புரிந்தவனே பிழையின்றிக் கையாளுவான் என்பது அவருடைய முதன்மையான வாதம். நாடகங்களிலே சட்டமொழி மிகுந்திருத்தலின், எழுதியவர் சட்டம் பயின்றவராதல் வேண்டும் என முடிவு கட்டினார். பேக்கனை வலுவாகச் சந்தேகித்தாரேயன்றி உறுதியாக நாட்டவில்லை.

வாதம் சுவையானது, ஆயினும் நிலைக்கவில்லை. 1623இல் நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டவர்கள் ஷேக்ஸ்பியருடன் நடித்த ஹெமிங்ஸ், கொண்டெல் என்போர். அவரை நன்கறிந்த பென் ஜோன்சனும் அத்தொகுப்பிலே அவரைப் பாடியுள்ளார். ஆகவே ஆய்வாளர் மிகப் பெரும்பாலோர் ஷேக்ஸ்பியரையே ஆசிரியராகக் கொள்கின்றனர். சில நாடகங்களிலே பிளெச்சர் போன்றோரின் கையும் கலந்திருப்பதாக அவர்கள் கூறுவர். ஆக்கம் பலருடைய உழைப்பினால் விளைவது என்று ஹெலனுக்குத் துவைன் எழுதிய கருத்திற்கே இது அரண் செய்கின்றது.

துவைனின் அளவுகோலை அவர்மீதே வைத்துப் பார்த்தல் தகும். 1881இல் வெளியான ‘இளவரசனும் ஏழையும்’ என்னும் கதையிலே ஆங்கில அரச மாளிகை தத்ரூபமாக விளங்குகின்றது. எழுதியவர் அரண்மனையிற் பிறந்தவரல்லர். அச்சுக்கூடத்திலே எழுத்துக்கோத்த ஹனிபல் ஊர்ச் சிறுவர். கற்றும் கேட்டும் கற்பனை செய்தும் அவ்வுலகைப் படைத்தார். கையுறை செய்வோன் மகனாகிய ஷேக்ஸ்பியருக்கும் அதே உரிமை உண்டன்றோ?

1910 ஏப்ரல் 21இல் துவைன் மறைந்தார். அவருடைய வழக்கு தோற்றது; கதைகள் வாழ்கின்றன. பள்ளியை இடையில் விட்ட ஒருவர் பெருநூல் இயற்றக்கூடுமா என ஐயுறும் பிள்ளைகளுக்கு, துவைனின் வாழ்க்கையே விடையாக நிற்கின்றது.