நாலு கட்டத் திரை

கோவை ஒப்பணக்கார வீதியில் நான் ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்ந்தபோது கேமரா கிடையாது. தூணுக்குத் தூண் குமிழ்க் கண்ணாடி மாட்டியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலாளி அதில் கடை முழுவதையும் பார்த்துவிடுவார். ராத்திரிக்குக் கூர்க்காவின் விசிலும், ஷட்டரில் அவர் தட்டும் தடிச் சத்தமும்தான் காவல்.

தொண்ணூறுகளின் நடுவில் நாலு கேமரா வந்தது. நாலு கட்டமாகப் பிரியும் கறுப்பு வெள்ளைத் திரை முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். வந்தவர் முகம் எனக்கு மறக்காது, அதுதான் தகுதி.

3 மணி நேரக் கேசட்டை 24 மணி நேரத்துக்கு இழுத்து ஓட்டும் ரெக்கார்டர் அது. விநாடிக்கு 25 படம் பதிய வேண்டிய இடத்தில் மூன்றுதான் பதியும், அதுவும் கால்வாசி அளவில். பட்டுச்சேலை ஒன்று பைக்குள் போக ஒரு விநாடி போதும். அப்படித்தான் ஒன்று போனது, நான் டீ குடிக்க இறங்கிய நேரத்தில். கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டியும் தெரிந்தது ஒரு மங்கலான கை மட்டுமே. பணம் அந்தப் பகுதியில் நின்ற பையனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

திரையில் கண் வைக்கும் இந்த வேலை, பதிவை நம்பிப் பிறந்த தொழில் இல்லை. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டே ராக்கெட் தளத்தில் பொறியாளர் வால்டர் புரூக் கேமரா வைத்தது, ஏவும்போது கிட்டே நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ ரெக்கார்டர் வந்ததே 1956இல்தான். அதுவரை கண் பார்த்தால்தான் உண்டு. நியூயார்க்கில் நர்ஸாக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் 1969இல் காப்புரிமை பெற்ற வீட்டுக் காவல் அமைப்பிலும் அதே எண்ணம்தான்: வாசலில் நிற்பவரைத் திரையில் பார், பேசு, ஆபத்தென்றால் பொத்தானை அழுத்து. எங்கோ ஓர் அறையிலிருந்து பல கடைகளைப் பார்த்து, ஸ்பீக்கரில் அதட்டுகிற இன்றைய பிள்ளைகள் செய்வதும் இதைத்தான். நல்ல வேலை. ஆனால் ஒரு ஆளுக்கு எத்தனை திரை, எத்தனை நேரம் என்பதை யாரும் கேட்பதில்லை.

1999இல் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் பள்ளிப் பாதுகாப்புக்காக வெளியிட்ட கையேடு, 20 நிமிடம் திரையைப் பார்த்தாலே பெரும்பாலோரின் கவனம் தளர்ந்துவிடும் என்கிறது. எனக்குக் காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் ராத்திரி ஒன்பது மணி. மாற்றிவிட ஆள் இல்லை.