ஏழை படும் பாடும் மேடை ஏறிய பாட்டும்

பிரெஞ்சுப் பெருங்கவிஞர் விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லே மிசராப்ளே’ என்னும் நாவல் தமிழருக்குப் புதியதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனைத் தமிழாக்கி ‘ஏழை படும் பாடு’ எனப் பெயரிட்டார். ஏழ்மை, இழிவு, துயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்தும் அத்தலைப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டனர். நம் கவியோகியோ மூன்றே சொற்களில் அதனை வசப்படுத்திவிட்டார். 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. நாகையா நாயகராக நடித்தார். விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே வழங்கப்பெற்றார். ஒரு பிரெஞ்சுக் காவலனின் பெயர் தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கு முன்னொட்டாக அமைந்த விந்தை வேறெங்கும் நிகழ்ந்திராது.

அந்நாவல் பாரிசில் ராக் இசையின் வழிவந்த இசை நாடகமாக உருவெடுத்த வரலாற்றையும், அதன் பாடல்கள் ஏழை படும் பாட்டை எந்த அளவுக்குக் காத்தன என்பதையும் ஈண்டுக் காண்போம்.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்னும் ராக் இசை நாடகத்தைக் கண்ட அலேன் பூப்லில் என்னும் பாடலாசிரியர், வரலாற்றையும் இவ்வாறு பாட இயலும் என்று உணர்ந்தார். இசையமைப்பாளர் குளோத்-மிஷேல் ஷோன்பெர்க் முதலியோருடன் கூடி 1973இல் ‘பிரெஞ்சுப் புரட்சி’ என்னும் ராக் இசை நாடகத்தை அரங்கேற்றினார். பிரான்சில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பர். சில ஆண்டுகள் கழித்து இலண்டனில், டிக்கன்சின் நாவலிலிருந்து பிறந்த ‘ஆலிவர்!’ நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் வரும் சேட்டைக்காரத் தெருச் சிறுவன் அவருக்கு ஹியூகோவின் காவ்ரோஷை நினைவூட்டினான். ஒரு சிறுவன் வழியாகவே இப்பெருநாவல் இசைக்குள் நுழைந்தது.

1980இல் முதலில் இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசின் ‘பாலே தே ஸ்போர்’ என்னும் விளையாட்டு அரங்கில், ரொபேர் ஒசேன் இயக்கத்தில் நாடகம் ஏறியது. அரங்கம் ஒப்பந்தமான சில திங்களோடு அது நின்றது. அந்தப் பாரிஸ் வடிவம் கதையின் தொடக்கத்தைச் சொல்லவே இல்லை. ஒரு ரொட்டிக்காகச் சிறை சென்று, தப்ப முயன்றமையால் தண்டனை நீண்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிவரும் ழான் வல்ழானும், வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிய அவனை மன்னித்து வெள்ளி விளக்குத் தண்டுகளையும் ஈந்த ஆயரும் அதில் இல்லை. பிரெஞ்சுக்காரர் அனைவரும் கதையைப் பள்ளியிலேயே அறிந்தவராதலின் அதற்குத் தேவை எழவில்லை. நம் ஊர்த் தெருக்கூத்திலும் அப்படித்தான். அபிமன்யு வதத்தை ஆடுகிறவர், பாண்டவர் யார் எனச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அந்தக் கூத்தையே பம்பாயிலோ தில்லியிலோ பிறந்த நம் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, நாம் அருகிலமர்ந்து முன்கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறதன்றோ? நாடகம் கடல் கடந்து ஆங்கிலத்திற்குச் சென்றபோதும் அதுவே நேர்ந்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் அழைத்துவந்த இயக்குநர்கள் டிரெவர் நன், ஜான் கேர்டு ஆகியோர் சிறையும் ஆயரும் இடம்பெறும் முன்னுரைக் காட்சியைப் புதிதாகச் சேர்த்தனர். இன்று அக்காட்சி இல்லாத நாடகத்தை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஊர் மாறியதால் கிடைத்த பேறு அது.

ஆங்கிலப் பாடல்களை எழுதியவர் ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இலண்டனில் பத்திரிகையாளராக வாழ்ந்த இவர், சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. சிலவற்றைத் தழுவினார், சிலவற்றைப் புதிதாகவே படைத்தார். 1985 அக்டோபர் 8ஆம் நாள் பார்பிகன் அரங்கில் நாடகம் அரங்கேறியபோது திறனாய்வாளர் பலர் முகம் சுளித்தனர். மக்களோ சீட்டு வாங்க வரிசையில் நின்றனர். நியூயார்க்கில் 1987 முதல் 2003 வரை 6,680 முறை அது நடிக்கப்பெற்றது.

இனி, பாடல்களுக்கு வருவோம். எல்லாவற்றினும் பரவியது ஃபாந்தீன் பாடும் ‘கனவொன்று கண்டேன்’. நாவலில் இந்த ஏழைத்தாய் படும் பாட்டை ஹியூகோ கணக்கெழுதுவது போல் எழுதுகிறார். மகள் கோசெத்தை வளர்ப்பவர்கள் பணம் கேட்கக் கேட்க, அவள் கூந்தலை 10 பிராங்குக்கு விற்கிறாள். அதன்பின் முன்பற்கள் இரண்டை 40 பிராங்குக்கு விற்கிறாள். பிறகு தன்னையே விற்கிறாள். இந்தக் கொடிய விலைப்பட்டியல் பாட்டில் இல்லை. பாட்டில் இருப்பது இழந்த இளமை, பிரிந்த காதலன், பொய்த்த கனவு. மேடையில், வேலையிழந்தவுடனே, வீழ்ச்சிக்கு முன்னரே அவள் இதைப் பாடிவிடுகிறாள். 2012இல் டாம் ஹூப்பர் இயக்கிய திரைப்படம் ஒரு மாற்றம் செய்தது. கூந்தலும் பல்லும் மானமும் போனபின்னரே அதே பாட்டு வந்தது. ஆன் ஹாத்தவே படப்பிடிப்பிலேயே குரல் உடையப் பாடினார். பாட்டை இடம் மாற்றி வைத்ததாலேயே ஹியூகோவின் விலைப்பட்டியல் அதற்குள் புகுந்துவிட்டது. சொல்லில் மாற்றமேதுமின்றிப் பொருள் மாறும் வித்தையை நம் திரையிசையும் அறியும். ஆயினும் இத்துணைக் கூர்மையாக நிகழ்ந்தது அரிது.

இதனினும் வியப்புக்குரிய வரலாறு ‘தன்னந்தனியே’ என்னும் பாட்டினுடையது. மரியுஸ் என்னும் இளைஞன்மீது ஒருதலைக் காதல் கொண்ட எபோனின், இரவுத் தெருவில் பாடுவது அது. ஆனால் இந்த மெட்டு 1980இன் பிரெஞ்சு இசைத்தட்டில் எபோனினுடையதன்று, ஃபாந்தீனுடையது. அங்கே அதன் பொருள் காதலும் அன்று. ‘வறுமையின் பண்’ என்பதே அதன் பெயர். இலண்டனில் எபோனினுக்கு வலுவான தனிப்பாடல் தேவைப்பட, வறுமையின் மெட்டு காதலின் மெட்டாயிற்று. ஏழையின் முறையீடு ஏங்கும் பெண்ணின் பாட்டாகச் சுருங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது, அவ்விழப்பு சிறியதன்று. எனினும் மெட்டு தன் பிறப்பை மறக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் ஃபாந்தீன் தன் மகளை அழைத்தவாறே உயிர்விடும் காட்சியில் அதே மெட்டுத்தான் ஒலிக்கிறது. இறுதியில் வல்ழான் சாகும் தறுவாயில் ஃபாந்தீனும் எபோனினும் ஆவியுருவில் வந்து அதனையே பாடுகின்றனர். ஏழைப் பெண்கள் இருவரை இசை உடன்பிறந்தாராக்கிவிட்டது.

ஜாவருக்கும் வல்ழானுக்கும் இடையிலும் இத்தகைய பிணைப்பு உண்டு. ஆயரின் மன்னிப்பால் கலங்கி வல்ழான் பாடும் மெட்டும், வல்ழானிடம் உயிர்ப்பிச்சை பெற்றமை தாளாமல் ஜாவர் ஆற்றில் குதிக்குமுன் பாடும் மெட்டும் ஒன்றே. ஒருவனுக்குக் கருணை வாழ்வாயிற்று. மற்றவனுக்கு அதுவே நஞ்சாயிற்று. இலண்டனில் புதிதாகச் சேர்ந்த ‘விண்மீன்கள்’ என்னும் பாட்டில், இடம் பிறழாத விண்மீன்களைச் சட்டத்தின் சான்றாகக் கொண்டு ஜாவர் சூளுரைக்கிறான். ஹியூகோவோ, அவன் சாகும் இரவில் மேகக் கூட்டத்தால் விண்மீன்களை மறைத்துவிட்டார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், பாடலாசிரியர் மூலத்தை எவ்வளவு ஊன்றிப் படித்தார் என்பதை உணர்வர்.

வல்ழானின் ‘அவனை வீடு சேர்ப்பாய்’ என்னும் பாட்டும் இலண்டனில் பிறந்ததே. கோம் வில்கின்சனின் உச்சக் குரலுக்கென மெட்டு அமைந்தும், சொற்கள் நெடுநாள் வரவில்லை. இது வேண்டுதல் போல் ஒலிக்கிறதே என்று ஜான் கேர்டு சொன்னபின்தான் அவை வந்தன என்பர்.

புரட்சிப் பாட்டான ‘மக்கள் பாடுவது கேட்கிறதா’ பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இது 1789இன் பெரும்புரட்சியைப் பாடுவது எனப் பலர் எண்ணுகின்றனர். 1832 சூன் 5ஆம் நாள், படைத்தலைவர் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் மூண்டு, மறுநாளே ஒடுக்கப்பட்ட சிறு கிளர்ச்சியே இதன் களம். அவ்வாண்டு பாரிசைக் காலரா வாட்டியிருந்தது. தோற்ற கிளர்ச்சியின் பாட்டு, தோற்றவர்களுக்கே உரிய பாட்டாக உலகெங்கும் சென்றது. 2014இலும் 2019இலும் ஹாங்காங் தெருக்களில் கிளர்ச்சியாளர் அதனைப் பாடினர். காண்டனீஸ் மொழியில் தமக்கெனச் சொற்களும் அமைத்துக்கொண்டனர்.

நாவலில் ஹியூகோ தாமே எழுதிவைத்த பாட்டொன்றும் உண்டு; அது காவ்ரோஷின் பாட்டு. பிரான்சுக்கு நேர்ந்த கேடனைத்துக்கும் வால்டேரும் ரூசோவுமே காரணம் என்று பழைமைவாதிகள் புலம்பி வந்தனர். தான் கீழே விழுந்தாலும் அவர்கள் குற்றமே என்று அச்சிறுவன் எள்ளி நகையாடுகிறான். பாரிஸ் நாடகத்தில் இப்பாட்டு நிலைத்தது. இலண்டன் மக்களுக்கு இந்த எள்ளல் விளங்காதென்று, சிறியோரும் வலியரே என்னும் பொருளுடைய வேறு பாட்டை அங்கே அமைத்தனர். மேடையேற்றத்துக்கு வித்திட்ட சிறுவனே தன் சொந்தப் பாட்டை இழந்தான். நாவலில் அவன் தடையரணுக்கு வெளியே, குண்டுமழைக்கு நடுவே, இறந்த வீரர்களின் தோட்டாக்களைக் கூடையில் பொறுக்கியவாறு அதைப் பாடுகிறான். முதற்குண்டு பட்டு வீழ்ந்தும் எழுந்து உட்கார்ந்து தொடர்கிறான். இரண்டாம் குண்டு பாய்கையில் அடி முடியவில்லை. ரூசோவின் பெயர் வரவேண்டிய இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது.