பிரான்ட்ஸ் ஃபனோன் ஆவணங்கள்

பிரான்ட்ஸ் ஃபனோன் ஆவணங்கள் என்பவை உளமருத்துவரும் குடியேற்றவாத எதிர்ப்புச் சிந்தனையாளருமான பிரான்ட்ஸ் ஃபனோன் (1925–1961) விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள், தட்டச்சுப் பிரதிகள், மருத்துவக் கட்டுரைகள் முதலியவற்றின் தொகுப்பு ஆகும். இவை பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில், கான் நகருக்கு அருகிலுள்ள ஆர்டென் மடாலயத்தில் இயங்கும் தற்காலப் பதிப்பு நினைவகக் கழகத்தின் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஃபனோனின் சொந்த நூலகம் அல்சீரியத் தலைநகர் அல்சியர்சில் பேணப்படுகிறது.

பின்னணி

ஃபனோன் மார்த்தினிக்குத் தீவில் பிறந்தவர். லியோன் நகரில் மருத்துவம் பயின்று 1951 இல் பட்டம் பெற்றார். 1953 இல் அல்சீரியாவின் பிளிடா உளமருத்துவமனையில் பொறுப்பேற்றார். அல்சீரிய விடுதலைப் போரின் போது, 1956 இல், அப்பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அல்சீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, தூனிசில் மருத்துவப் பணியையும் தேசிய விடுதலை முன்னணிப் பணியையும் தொடர்ந்தார். இரத்தப் புற்றுநோயால் தமது 36 ஆம் வயதில் காலமானார். குறுகிய வாழ்நாளில் பல நாடுகளில் வாழ்ந்தமையாலும் போர்ச் சூழலாலும் அவருடைய தாள்கள் பல இடங்களில் சிதறின.

உள்ளடக்கம்

- நாடகங்கள்: மாணவராக இருந்தபோது 1949 இல் எழுதிய இரு நாடகங்கள் எஞ்சியுள்ளன. மூன்றாவது நாடகம் தொலைந்துவிட்டது.
- மருத்துவ ஆய்வேடு: நரம்பு நோய் ஒன்றில் தோன்றும் உளக் கோளாறுகள் பற்றியது. பின்னர் 1952 இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என வெளிவந்த எழுத்தையே ஆய்வேடாக அளிக்க அவர் முதலில் எண்ணினார் எனவும், அது ஏற்கப்படவில்லை எனவும் கூறப்படுகிறது.
- மருத்துவமனை இதழ்: பிளிடாவில் நோயாளிகளும் பணியாளர்களும் சேர்ந்து நடத்திய உள்ளிதழில் ஃபனோன் எழுதிய ஆசிரியவுரைகள்.
- மருத்துவக் கட்டுரைகள்: சக மருத்துவர்களுடன் இணைந்து எழுதியவை. தூனிசில் அமைத்த பகல்நேர மருத்துவமனை பற்றிய கட்டுரைகளும் இவற்றுள் அடங்கும்.

முக்கியத்துவம்

'பூமியில் சபிக்கப்பட்டோர்' (1961) என்னும் நூலால் ஃபனோன் பெரும்பாலும் புரட்சியாளராகவே அறியப்பட்டார். அவருடைய மருத்துவப் பணியும் அரசியலும் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தவை என்பதை இவ்வெழுத்துகள் காட்டுகின்றன.

இதற்குச் சிறந்த சான்று 1954 இல் வெளியான ஒரு கட்டுரை. பிளிடாவில் ஃபனோனின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முசுலிம் ஆண்களும் இருந்தனர். கூட்டங்கள், விழாக்கள், இதழ் ஆகியவற்றின் வழியே நோயாளிகளைச் சமூக வாழ்வுக்கு மீட்கும் முறை பெண்கள் பிரிவில் பயன் தந்தது. ஆண்கள் பிரிவில் அதே முறை தோல்வியுற்றது. பிழை நோயாளிகளிடம் இல்லை. ஐரோப்பிய வாழ்க்கை முறையை அவர்கள் மீது திணித்ததே பிழை என ஃபனோனும் அவருடன் எழுதியவரும் கண்டனர். இதன் பின்னர் மருத்துவமனையில் உள்ளூர் வழக்கப்படி தேநீர் விடுதி அமைக்கப்பட்டது. சமயப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. மரபுக் கதைசொல்லி அழைக்கப்பட்டார். வட ஆப்பிரிக்கரின் மூளையே இயல்பில் குறைபாடுடையது எனக் கற்பித்த அக்கால அல்சியர்சு உளமருத்துவக் கொள்கைக்கு இது நேர் மறுப்பாக அமைந்தது.

பதிப்பு

வெளிவராத எழுத்துகளையும் எளிதில் கிடைக்காத கட்டுரைகளையும் சான் கல்ஃபா, இராபர்ட் யங் ஆகியோர் தொகுத்து 2015 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டனர். ஆங்கில மொழிபெயர்ப்பு 2018 இல் வெளிவந்தது. தூனிசுப் பல்கலைக்கழகத்தில் ஃபனோன் ஆற்றிய விரிவுரைகளும் இத்தொகுப்பில் உள்ளன. அவை அப்போது மாணவியாக இருந்த லீலியா பென் சலேம் எடுத்த குறிப்புகளால் எஞ்சியவை. ஃபனோனின் நூலகத்திலிருந்த நூல்களின் பட்டியலும், நூல் ஓரங்களில் அவர் இட்ட குறிப்புகளும் இதில் இடம்பெற்றுள்ளன.