எளியவர் பக்கம் நிற்றல்: 1966 தரும் கேள்வி

1966 யூலை 19ஆம் திகதி வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில், உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் வட கொரியா இத்தாலியை 1-0 என வென்றது. இத்தாலி ஏற்கனவே இரண்டு முறை கிண்ணத்தை வென்ற நாடு. கோலை அடித்தவர் பாக் டூ இக். கொரியருக்காக அன்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் அந்த உருக்காலை நகரத்து ஆங்கிலேயர்கள்.

இது சாதாரண விடயமல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியச் சிப்பாய்களைப் பலிகொண்ட கொரிய யுத்தம் ஓய்ந்து அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. வட கொரியாவை இலண்டன் ஓர் அரசாக அங்கீகரிக்கவில்லை. இராஜதந்திர உறவு ஏற்பட்டதே 2000ஆம் ஆண்டு டிசெம்பரில்தான். விசா மறுத்தால் போட்டியை நடத்தும் வாய்ப்பே பறிபோகலாம் என்று வெளிநாட்டு அமைச்சு அஞ்சியது. ஆகவே தேசிய கீதங்கள் ஆரம்ப ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் மட்டுமே இசைக்கப்படும் என்று ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஆரம்ப ஆட்டத்தில் வட கொரியா இல்லை. இறுதிக்கு அது வரும் என்று எவரும் நினைக்கவுமில்லை.

அரசு மறுத்த அங்கீகாரத்தை மைதானம் கொடுத்தது. கொரியர் அணிந்த சிவப்பு, உள்ளூர்க் கழகத்தின் நிறம். அந்தக் கழகமும் அவ்வாண்டுதான் மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளரின் கண்முன்னே எட்டு மணித்தியாலம் நிற்பவனுக்கு இந்த ஒட்டுதல் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. கிம் இல் சுங்கின் ஆட்சியை ஏற்றுத்தான் அவர்கள் கைதட்டினார்கள் என்று எவரும் சொல்லமாட்டார். ஆட்டக்காரர் வேறு, ஆட்சி வேறு என்ற தெளிவு அதில் இருந்தது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. யூலை 23இல் லிவர்பூலில் போர்த்துக்கலுக்கு எதிராக வட கொரியா 3-0 என முன்னிலை பெற்றது. பிறகு எயுசேபியோ தனியொருவராக நான்கு கோல்கள் அடித்தார், முடிவு 5-3. எயுசேபியோ பிறந்தது மொசாம்பிக்கில், அன்றைய போர்த்துக்கேயக் குடியேற்ற நாட்டில். 1964 முதல் அங்கே ஃபிரெலிமோ விடுதலைக்காக ஆயுதமேந்திப் போராடிக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயப் படை அதை நசுக்க முயன்றுகொண்டிருந்தது. அப்படியானால் அன்றைய ஆட்டத்தில் எளியவர் யார்? கொடியைப் பார்த்தால் ஒரு விடை, மனிதரைப் பார்த்தால் இன்னொன்று.

இந்தக் கேள்வியை நாம் எம்மை நோக்கியும் திருப்ப வேண்டும். சிறீலங்கா அரசின் முன்னே தமிழர் எளியவர், இதில் ஐயமில்லை. அதே தமிழரின் பெயரால் 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டபோது எளியவர் யார்? எளிமை என்பது ஓர் இனத்துக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதியல்ல. யாருக்கு எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். மிடில்ஸ்பரோ மக்களுக்குத் தொண்ணூறு நிமிடங்கள் போதுமாயிருந்தன. அரசியல் பேசும் எமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.