காவியின் எண்ணும் கணினித் திரையும்

தென்தில்லியின் கிட்வாய் நகர், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல்தொடர்பு அமைச்சரான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய அரசு ஊழியர் குடியிருப்பு. 1954இல் அவர் மறைந்தபோது இந்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. தில்லிக்கு அது 1959 செப்டம்பர் 15 அன்றுதான் வந்தது. வண்ண ஒளிபரப்புக்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை விழாவும், நவம்பர் 19 அன்று கிட்வாய் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆசிய விளையாட்டுத் தொடக்கமும் வண்ணத்தில் ஒளிபரப்பாயின. அனுப்பப்பட்ட சமிக்ஞை ஒன்று. ஆனால் நிறச்செறிவுத் திருகு பார்வையாளர் கையில் இருந்தமையால், கொடியின் காவி வீட்டுக்கு வீடு வேறாகத் தெரிய இடமிருந்தது.

இத்தனைக்கும் அந்தக் காவிக்கு எண் உண்டு. இந்தியத் தரநிலை நிறுவனத்தின் வரிசையில் முதல் எண்ணைப் பெற்ற தரநிலையே தேசியக் கொடி பற்றியதுதான். 1951இல் வெளியாகி, 1964இல் மெட்ரிக் அளவைக்கு மாறி, 1968இல் மீண்டும் திருத்தப்பட்ட அந்த ஆவணம், நிறங்களை 1931ஆம் ஆண்டின் சிஐஇ முறைப்படி, 'சி' எனும் நியம ஒளிமூலத்தின்கீழ் வரையறுக்கிறது. காவிக்கு நிற ஆயங்கள் 0.538, 0.360, ஒளிர்வு 21.5 விழுக்காடு. பச்சைக்கு 0.288, 0.395, ஒளிர்வு 8.9. வெள்ளையின் ஒளிர்வு 72.6. சாயத்தொட்டியின் முன் நிற்பவரின் கண்ணை மட்டும் நம்பாமல், நிறத்தை அளவிடத்தக்க பொருளாக ஒரு இளம் குடியரசு ஆக்கியது என்பது நம் அறிவியல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

துல்லிய வண்ணப் பணிக்கென மானிட்டர் தேர்வு செய்யும் ஆய்வாளருக்கு இவ்வெண்கள் நல்ல உரைகல். இன்றைய திரைகளின் அடிப்படை நியமமான எஸ்ஆர்ஜிபி, ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்மொழிந்து, 1999இல் பன்னாட்டுத் தரநிலையானது. அதன் மூவண்ண முனைகள் உயர்தெளிவுத் தொலைக்காட்சி நியமத்திலிருந்து பெறப்பட்டவை: சிவப்பு 0.64, 0.33, பச்சை 0.30, 0.60, நீலம் 0.15, 0.06. இம்முக்கோணத்தை வரைந்து கொடியின் காவியையும் பச்சையையும் குறித்தால், இரண்டும் அதன் உள்ளேயே விழுகின்றன. விலை மிகுந்த விரிந்த வண்ணவீச்சுத் திரை இதற்குத் தேவையே இல்லை. அடோபி ஆர்ஜிபி, டிசிஐ-பி3 ஆகியவற்றின் பெரும்பகுதியை எட்டும் திரை அச்சுக்கும் திரைப்படத்துக்கும் பயன்படலாம். ஆனால் வண்ண மேலாண்மை இல்லாத மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி படத்தை அதில் திறந்தால், காவி உள்ளதைவிடச் செறிந்து எரியும். வண்ணவீச்சு என்பது திரையின் ஆற்றல். துல்லியம் என்பது அளவுத்திருத்தத்தின் விளைவு. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கின்றன.

இணையத்தில் பரவலாக வழங்கும் காவி 255, 153, 51 எனும் எண்தொகுதி. அதன் ஒளிர்வைக் கணக்கிட்டால் திரையின் வெள்ளையில் ஏறத்தாழ 44 விழுக்காடு வருகிறது. தரநிலையின் காவியோ கொடியின் வெள்ளையில் 30 விழுக்காட்டளவே. பிழையான மூல எண்ணை எவ்வளவு சிறந்த திரையும் பிழையாகவே காட்டும்.

பெரிய அளவும் கூடிய பிக்சல் அடர்த்தியும் வேறு வினாவுக்கு விடைகள். 2001இல் ஐபிஎம் வெளியிட்ட டி221 திரை 22.2 அங்குலத்தில் 3840க்கு 2400 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 204. இன்று 27 அங்குல 4கே திரையில் அது 163. 32 அங்குலத்தில் 140ஐ ஒட்டியது. கதரின் இழைகளை எண்ண இவ்வடர்த்தி உதவும்; நிறத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாறாக, திரை பெரிதாகும்போது மையத்துக்கும் ஓரத்துக்கும் ஒளிர்வு வேறுபடும் சிக்கலும் வளர்கிறது. அருகிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கவாட்டுக் கோணம் கூடுவதால், ஐபிஎஸ் வகைப் பலகமே இதற்குப் பொருத்தம். வெண்புள்ளியும் கவனத்துக்குரியது: திரைப்பணிக்கு டி65, அச்சு ஒப்பீட்டுக்கு டி50.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று அக்கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி வைக்கப்பட்டுள்ளது. நீளம் 12 அடி, அகலம் 8 அடி. தரநிலை பிறப்பதற்கு நான்காண்டு முந்தையது; அதன் சாயத்துக்கு ஒப்பிட எந்த எண்ணும் இல்லை. இத்தகைய பொருளின் ஒளிப்படத்தைத் திரையில் ஆராய்பவர், நிறம் மங்கியிருப்பதைக் கண்டால் அது பட்டின் முதுமையா, திரையின் வழுவா என்று பிரித்தறிய வேண்டும். அளவு திருத்தப்படாத திரையில் அது இயலாது. ஆகவே செலவின் வரிசை இவ்வாறு அமைவது தகும்: முதலில் நிறமானி, அடுத்து எஸ்ஆர்ஜிபி முறைமையை நம்பத்தக்கவாறு தரும் 27 அங்குலத் திரை, எஞ்சிய பணத்தில் வேண்டுமானால் இன்னும் பெரியது. அதற்கும் முன்னதாக, படம் எடுக்கும்போதே சட்டகத்தினுள் ஒரு நிற ஒப்பீட்டு அட்டையை வைக்க வேண்டும். அதன் விலை திரையின் விலையில் சிறு பங்குகூட இராது.