சோதனைக்கு எழுதிய நிரல்: ஆப்ட்-கெட் வந்த கதை

உபுண்டு, டெபியன் பயன்படுத்தும் நண்பர்களுக்கு ஆப்ட்-கெட் கட்டளையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முனையத்தில் ஒரு வரி தட்டினால் மென்பொருள் இணையத்திலிருந்து இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதே வரியில் இன்ஸ்டால் என்பதை ரிமூவ் என்று மாற்றினால் வெளியே போய்விடும். இதை எழுதியவர்கள் முதலில் செய்ய நினைத்தது வேறு எதையோ என்பதுதான் வேடிக்கை.

கொஞ்சம் பின்னால் போவோம். யுனிக்ஸ் உலகில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து, மேக் இன்ஸ்டால் என்று கொடுக்க வேண்டும். நிறுவுவதுகூடப் பரவாயில்லை, நீக்குவதுதான் பெரும் வம்பு. கோப்புகள் பல அடைவுகளில் சிதறிக் கிடக்கும். எது எந்த மென்பொருளுக்குச் சொந்தம் என்று கணக்கே இருக்காது.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். (காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர்!) 1994 ஜனவரியில் டிபிகேஜி என்ற நிரலை வெறும் ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். அது பெர்லுக்கு மாறியது. அதே ஆண்டில் இயன் ஜாக்சன் அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் எழுதினார். இவர் வேறு இயன், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் டிபிகேஜி செய்த பெரிய காரியம் கணக்கு எழுதியதுதான். எந்தப் பொதி எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்ற பட்டியல் வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. திறந்து பாருங்கள். ரிமூவ் என்றால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அழிக்கும். நீங்கள் கைப்படத் திருத்தியிருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகளை மட்டும் தொடாது. அவையும் போகவேண்டுமென்றால் பர்ஜ் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு பொதிக்கு இன்னொரு பொதி தேவை என்றால் டிபிகேஜி "அது இல்லையே" என்று சொல்லி நின்றுவிடும், போய் எடுத்து வராது. அதற்கு மேலே டிசெலக்ட் என்ற மெனு நிரல் இருந்தது. புதியவர்களை மிரட்டுவதில் பேர்போனது. அதற்கு மாற்றாக ஒன்றை எழுத 1997-ல் டெபியனின் வெளியீட்டு மேலாளர் பிரையன் ஒயிட் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெயர் டெய்ட்டி, அதாவது தெய்வம்.

நல்ல இடைமுகம் ஒன்றை உருவாக்குவதுதான் நோக்கம். அடியில் இருக்கும் லைப்ரரி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் டிபிகேஜி-கெட் என்று ஒரு குட்டிக் கட்டளை நிரலை எழுதினார்கள். மதவாடை அடிக்கிறது என்று தெய்வப் பெயர் கைவிடப்பட்டு ஆப்ட் ஆனது, குட்டி நிரலும் ஆப்ட்-கெட் ஆனது. 1998-ல் வெளியே விட்டதும் ஆட்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இடைமுக வேலை அப்படியே நின்றுபோனது! 1999 மார்ச்சில் டெபியன் 2.1 ஆப்ட்டுடன் வெளிவந்தது. வரைகலை இடைமுகங்களை வேறு ஆட்கள் பிற்பாடு செய்தார்கள்.

நீக்குவதில் ஒரு குறை மிச்சமிருந்தது. ஒரு பொதிக்குத் துணையாக வந்த பொதிகள், அது போன பிறகும் கல்யாணம் முடிந்து கிளம்பாத விருந்தாளிகள் மாதிரி தங்கிவிடும். ஆப்டிட்யூட் என்ற நிரல் இதை முன்பே கவனித்தது. ஆப்ட்-கெட்டுக்கு ஆட்டோரிமூவ் வசதி 2007-ல், 0.7 பதிப்பில்தான் வந்தது.

நீக்கும் அதிகாரம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பது 2021 நவம்பரில் ஊருக்கே தெரிந்தது. கனடா யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்-இல் ஸ்டீம் நிறுவப் போனார். பொதிகளின் சார்புகளில் இருந்த கோளாறால், ஸ்டீமைப் போட டெஸ்க்டாப்பையே நீக்கலாம் என்று ஆப்ட் வழி கண்டுபிடித்தது. எச்சரிக்கை காட்டி, "ஆமாம், நான் சொல்வதைச் செய்" என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகத் தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப் போயே போச்சு. பலர் அவரைத் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, கேம் போட வந்தவருக்கு அந்த நீளமான பட்டியலில் எது உயிர்நாடி என்று எப்படித் தெரியும்? அதே மாதம் வந்த ஆப்ட் 2.3.12 முதல், அத்தியாவசியப் பொதிகளை நீக்கும் வழியை ஆப்ட் தானாக முன்வைப்பதில்லை.